அவள் மட்டும் கேட்டால் போதுமா?

வணக்கம் அம்மா,

பாம்பன் பக்கத்துக் கடலோர ஊரில் மகளிர் குழுவில் இருக்கிறேன். எச்.ஐ.வி. பற்றிய கூட்டத்தில், "கணவரை ஆணுறை அணியச் சொல்லுங்கள்" என்றேன். கடல்பாசி எடுக்கப் போகும் பெண் ஒருத்தி எழுந்து, "கேட்டால், 'என் மேல் சந்தேகமா, இல்லை நீ எங்கேயாவது போய்வந்தாயா' என்பார். அடியை நீங்களா வாங்குவீர்கள்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அவள் கேட்டது நியாயம். வாயைத் திறந்தால் அடி விழும் வீட்டில், பெண்ணிடம் மட்டும் அறிவுரை சொல்லி என்ன பயன்? தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்து வீட்டுக்குச் சோறு போடுகிறாள். ஆனாலும் படுக்கையில் அவள் சொல் செல்லாது. சம்பாத்தியம் வந்தால் பெண்ணுக்கு எல்லாம் வந்துவிடும் என்பவர்கள் இந்தக் கரைக்கு வந்து பார்க்கட்டும்.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். குழந்தையைக் காக்க அது அவசியம். ஆனால் கணவன் பரிசோதித்துக்கொள்ளாத வீட்டில், தொற்று முதலில் தெரியவருவது மனைவியிடம்தான். அதனாலேயே கொண்டுவந்தவளும் அவள்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் வெளியூர்த் துறைமுகத்தில் தங்கித் தொழில் செய்தவனை யாரும் கேட்பதில்லை. அவனைக் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. அவனும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கட்டும் என்கிறேன்.

ஆகவே அடுத்த கூட்டத்தை ஆண்களுக்கு நடத்துங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போவதில்லை. வலை சீர்செய்யும் இடத்துக்கே போங்கள். கூட ஓர் ஆண் சுகாதாரப் பணியாளர் இருந்தால் நல்லது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம் என்று சொல்லுங்கள். தொற்று உள்ளவர் எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவின் வழியே துணைக்குப் பரவாது. இதை அழுத்திச் சொல்லுங்கள். பயந்து ஒளிபவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அந்தப் பெண்ணைத் தனியாகப் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. இரண்டையும் சொல்லுங்கள். அடி விழும் என்று அவள் அஞ்சினால், இப்போது கணவனிடம் கேட்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, கொடுமை நடந்தால் 181. இரண்டு எண்களையும் கொடுத்துவிட்டு, நம்பிக்கை மையத்துக்கு நீங்களே அவளுடன் போய்வாருங்கள்.