ஊட்டியில் பூத்தது, தாம்பரத்தில் பூக்கவில்லை

கேள்வி: மூன்று வருஷத்துக்கு முன் ஊட்டி நர்சரி ஒன்றில் கிறிஸ்துமஸ் கள்ளி வாங்கினேன். நுனிக்கு நுனி ரோஸ் பூ. வீட்டுக்கு வந்ததும் மொட்டெல்லாம் கொட்டிவிட்டது, அதன்பிறகு பூக்கவே இல்லை. கள்ளிதானே என்று மொட்டை மாடியில் வைத்து வாரம் ஒருமுறை தண்ணீர் விடுகிறேன். இலை சிவந்து சுருங்குகிறது. என்ன செய்வது?
– வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் தொட்டியை மாடியிலிருந்து இறக்குங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

கள்ளி என்ற பெயர்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்கு இது சொந்தம்தான், ஆனால் பிறந்த இடம் வேறு. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய மலைக்காடுகளில், பாசி பிடித்த மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் தொற்றி வளர்வது. ராத்திரியில் பூத்ததும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவோமே, பிரம்ம கமலம், அதுவும் இப்படி மரத்தில் தொற்றும் கள்ளிதான். இரண்டுக்கும் சுள்ளென்ற வெயில் ஆகாது. நீங்கள் இலை என்று எழுதியிருப்பது உண்மையில் தட்டைத் தண்டு. வெயில் கூடினால் அது சிவக்கும்.

சுருங்குவதற்குக் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறையாகவும் இருக்கலாம், வேர் அழுகலாகவும் இருக்கலாம். மேல்மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை தண்ணீர் விடுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஈரமிருந்தும் துவண்டிருந்தால் வேர் போய்விட்டது. அப்போது நல்ல நுனியாகப் பார்த்து மூன்று கணுவைத் திருகி எடுத்து, இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, மக்கிய இலையும் மணலும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்த சின்னத் தொட்டியில் ஊன்றுங்கள். கோத்தகிரியில் என் வராந்தாவில் தொங்குவது, பக்கத்து வீட்டு டீச்சர் கிள்ளிக் கொடுத்த அப்படியொரு மூன்று கணுதான். அடியில் ஓட்டை போட்ட பழைய குக்கரில் இருபது வருஷமாக இருக்கிறது. வேர் நெருக்கமாக இருப்பதைப் பற்றி அது கவலைப்பட்டதே இல்லை.

சரி, பூ ஏன் வரவில்லை? மொட்டு வைக்க இதற்கு நீண்ட இருட்டு வேண்டும்: ராத்திரிக்கு 14 மணி நேரம், சுமார் ஆறு வாரம். கூடவே 15 முதல் 20 டிகிரி குளிர். நம் பக்கத்தில் டிசம்பரிலேயே ராத்திரி பன்னிரண்டரை மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், அதிலும் ட்யூப்லைட் பதினொரு மணிவரை எரியும். ஊட்டிக்கும் அதே நீள ராத்திரிதானே என்பீர்கள். அங்கே குளிர் ஈடுகட்டிவிடுகிறது. 10, 12 டிகிரிக்கு இறங்கினால் இருட்டுக் கணக்கு பார்க்காமலே மொட்டு வைக்கும். சென்னையில் அக்டோபர் ராத்திரிகூட 24 டிகிரிக்குப் பக்கம்.

முயற்சி செய்வதென்றால், அக்டோபர் நடுவிலிருந்து படுக்கையறையில் வையுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை எட்டு மணிக்குத் திறந்து ஜன்னலோரம் நகர்த்துங்கள். ராத்திரி ஏசி 20-ல் ஓட வேண்டும், காற்று நேரே படக்கூடாது. ஒரு பூவுக்காக ஆறு வாரம் ஏசியா என்றால், நியாயமான கேள்விதான். நானாக இருந்தால் இதைப் பச்சைக்காக வைத்துக்கொண்டு, பூவுக்குப் பிரம்ம கமலத்தை நம்புவேன்.

கேள்வி: எங்களுக்கு மொட்டு வருகிறது. பட்டாணி அளவானதும் உதிர்ந்துவிடுகிறது.
– வாசகர், பெங்களூரு

பதில்: தொட்டியை நகர்த்துகிறீர்களா? நானும் இதே தப்பைச் செய்தேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் பார்க்கட்டும் என்று, மொட்டு நிறைந்த குக்கரை ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தேன். பக்கத்தில் ரூம் ஹீட்டர் ஓடியது. மறுநாளிலிருந்து பொத் பொத்தென்று கொட்ட ஆரம்பித்து, வந்தவர்கள் பார்த்தது தரையைத்தான். மொட்டு தெரிந்த பிறகு இடம், சூடு, ஈரம் எதுவும் திடீரென்று மாறக்கூடாது. தாம்பரத்து வாசகிக்கு முதல் வாரமே கொட்டியதும் இதனால்தான், ஊட்டியிலிருந்து ஒரே நாளில் இறக்கினால் வேறென்ன ஆகும்?

கேள்வி: எங்கள் கிறிஸ்துமஸ் கள்ளி நவம்பரிலேயே பூத்து முடிந்துவிடுகிறதே?
– வாசகி, ஏற்காடு

பதில்: தண்டின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பல் பல்லாகக் கூராக இருந்தால் அது நவம்பர் ரகம், கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். ஓரம் மழுங்கி வளைந்திருப்பதுதான் அசல் கிறிஸ்துமஸ் கள்ளி, 1840-களில் இங்கிலாந்தில் இரண்டு இனங்களைக் கலந்து உண்டாக்கியது. பிரேசில்காரர்கள் இவற்றை மே மாதப் பூ என்பார்கள், அங்கே பூப்பது அப்போதுதான், மார்ச் கடைசியிலிருந்தே அங்கே ராத்திரி பகலைவிட நீண்டுவிடும்.