டார்ட்மூரை யார் கண்ணால் பார்க்கிறோம்?

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஆர்தர் கானன் டாயிலின் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ பற்றிக் களம், பாத்திரங்கள், கதைசொல்லல் என்று மூன்று தலைப்புகளில் கட்டுரை எழுதினேன். “கதைச் சுருக்கம்தான் இருக்கிறது” என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படித் திருத்துவது?

பதில்: மூன்று தலைப்புகளையும் முதலில் அழித்துவிடுங்கள். களத்தைத் தனியாக எழுதினால் அது நிலவருணனையாகிவிடும்; பாத்திரங்களைத் தனியாக எழுதினால் பெயர்ப் பட்டியலாகிவிடும். கதைசொல்லியிடமிருந்து தொடங்குங்கள். (முடிவையும் பேசப்போகிறேன். நாவலைப் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.)

இந்த நாவலில் 15 அத்தியாயங்கள். பெரும்பகுதியைத் துப்பறிவாளர் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் நினைவிலிருந்து சொல்கிறார். ஆனால் 8, 9 ஆகிய அத்தியாயங்கள் அவர் ஹோம்ஸுக்கு எழுதிய கடிதங்கள்; 10 அவருடைய நாட்குறிப்பு. நடுவில் ஏன் இந்த மாற்றம்? நினைவிலிருந்து சொல்பவருக்கு முடிவு தெரியும். கையோடு கடிதம் எழுதுகிறவருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்றே தெரியாது. அதனால் அவருடைய தவறான ஊகங்களும் நேர்மையானவை, நாமும் அவரோடு சேர்ந்தே ஏமாறுகிறோம். ஹோம்ஸ் லண்டனில் இருப்பதாக நம்பி, டார்ட்மூர் மேட்டுநிலத்திலிருந்து வாட்சன் எழுதுகிறார். ஹோம்ஸோ அதே மேட்டுநிலத்தில் கற்காலக் குடிசை ஒன்றில் ஒளிந்திருந்து, அந்தக் கடிதங்களை அங்கேயே வரவழைத்துப் படிக்கிறார். நிலவொளியில் பாறைமேல் நின்ற மர்ம மனிதன் என்று வாட்சன் அஞ்சியது ஹோம்ஸைத்தான்! இந்த ஓர் இடத்தில் களம், பாத்திரம், கதைசொல்லல் மூன்றும் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. உங்கள் கட்டுரையின் மையம் இதுவாக இருக்கட்டும்.

அடுத்து 7ஆம் அத்தியாயத்தை வரிவரியாகப் படியுங்கள். கிரிம்பன் சதுப்பில் ஒரு குதிரைக்குட்டி மூழ்கிச் சாகிறது. வாட்சன் நடுங்குகிறார். அக்கம்பக்கத்தில் வசிக்கும் ஸ்டேபிள்டனோ, சதுப்பின் நடுப்பகுதி வரை போய்வர எனக்கு வழி தெரியும் என்கிறார். படிக்கும்போது நிலத்தின் கொடூரம்தான் மனதில் நிற்கிறது. அந்தப் பெருமைப் பேச்சு ஒரு தடயம் என்பது பிறகே புரிகிறது. கொலைகாரனான ஸ்டேபிள்டன் கொலைக்குப் பயன்படுத்திய நாயை ஒளித்து வைத்திருந்தது அந்தச் சதுப்பின் நடுவிலிருந்த தீவில்தான். டார்ட்மூரும் பிரின்ஸ்டவுன் சிறையும் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உண்மையாகவே இருப்பவை; கிரிம்பன் சதுப்பு மட்டும் கற்பனை. நிஜ நிலத்தின் நடுவே கொலைகாரனுக்கென்று ஓர் இடத்தை ஆசிரியர் உருவாக்கியிருக்கிறார் என்பதை அவசியம் எழுதுங்கள்.

பாத்திரங்களில், பாஸ்கர்வில் மாளிகையில் வேலை செய்யும் பாரிமூர் தம்பதியை விட்டுவிடாதீர்கள். இரவில் பெண்ணின் அழுகை, ஜன்னலோரம் மெழுகுவத்தியோடு நிற்கும் பணியாள்: வாட்சனின் சந்தேகக் கண்ணுக்கு இவை குற்றத்தின் அடையாளங்கள். உண்மையில் சிறையிலிருந்து தப்பிய தம்பி செல்டனுக்காக அழும் அக்காளும், அவனுக்கு உணவு கொடுக்க அடையாளம் காட்டும் அவள் கணவனும்தான் அவர்கள். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த பகுதி இது. பாசத்தைக் குற்றம்போலத் தோன்றவைத்தது யாருடைய பார்வை என்று கேட்டாலே உங்களுக்கு ஒரு நல்ல பத்தி கிடைத்துவிடும்.

திருத்தி எழுதும்போது “பிறகு”, “அதன்பின்” என்று தொடங்கும் வாக்கியங்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கதைச் சுருக்கம் அங்கேதான் நுழைந்திருக்கும். அந்த இடங்களில், வாட்சனுக்கு அப்போது என்ன தெரியும், என்ன தெரியாது என்று எழுதுங்கள்.