நீதிபதிக்கு எதற்குப் பயிற்சி?

கேள்வி: சிறார் பாலியல் குற்றங்களுக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று, இணையக் குற்றங்களுக்கு ஒன்று என நம் மலேசியாவில் சிறப்பு நீதிமன்றங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. சட்டம் படித்து அனுபவம் பெற்ற பிறகுதானே ஒருவர் நீதிபதியாகிறார்? அவருக்கு மீண்டும் பயிற்சி அளிப்பது மக்கள் பணத்தை விரயமாக்குவதும் நீதித்துறையின் சுதந்திரத்தில் தலையிடுவதும் ஆகாதா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ஆகாது. உங்கள் கேள்வியில் நியாயமான அச்சம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். "சட்டம் படித்தவர்தானே" என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை மலாய்மொழியில் நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அவளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கிறார்: "அன்று மாலை நீ டியூஷனுக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருந்தாய், அம்மாவும் அடுப்படியில் இருந்தார், அப்படித்தானே?" சிறுமி "ஆமாம்" என்கிறாள். அவள் ஆமாம் சொன்னது டியூஷனுக்குப் போகாததற்கா, வீட்டில் இருந்ததற்கா, அம்மா அடுப்படியில் இருந்ததற்கா? மூன்றையும் அவள் ஒப்புக்கொண்டதாகக் குறிப்பில் ஏறிவிட்டால் வழக்கின் போக்கே மாறிவிடும். இதில் பயிற்சி பெற்ற நீதிபதி உடனே குறுக்கிட்டு, கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்கச் சொல்வார். பயந்துபோன பிள்ளை நாளையும் நேரத்தையும் முன்பின்னாகச் சொல்வதாலேயே அது பொய் சொல்வதாகிவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் பிள்ளையையும் அவர் இனம் காண்பார் என்பதால், இந்தப் பயிற்சி குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்புதான். ஒப்பந்தச் சட்டத்தையும் நிலச் சட்டத்தையும் கரைத்துக் குடித்தாலும் இந்த அறிவு தானாக வந்துவிடாது.

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. சிறார் சாட்சி திரைக்குப் பின்னால் இருந்தோ, நேரலைக் காணொளி வழியாகவோ, கேள்வியையும் பதிலையும் எடுத்துச் சொல்லும் இடையாள் ஒருவரின் துணையோடோ சாட்சியமளிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. முன்பெல்லாம், சத்தியப்பிரமாணம் செய்யாத சிறு பிள்ளையின் சாட்சியத்தை வேறொரு சான்று உறுதிப்படுத்தினால்தான் தண்டனை விதிக்க முடியும். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, பிள்ளையின் சாட்சியத்தை மட்டுமே கொண்டும் தீர்ப்பளிக்கலாம் என்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் இதற்கான முதல் சிறப்பு நீதிமன்றமும் திறக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்துச் சட்டத்தை மாற்றிவிடலாம். ஆனால், பிள்ளைகளின் பேச்சை எடைபோடுவதில் நீதிபதியும் வழக்கறிஞரும் பல்லாண்டுகளாகக் கைக்கொண்ட பழக்கம் அவ்வளவு எளிதில் மாறாது. பயிற்சி அதற்காகத்தான்.

விரயம் என்கிறீர்கள். பெரும்பாலும் இதற்காகப் புதுக் கட்டடம் எழும்புவதில்லை. 2012 செப்டம்பரில் தொடங்கிய சுற்றுச்சூழல் நீதிமன்றங்கள், ஏற்கெனவே இருந்த செஷன்ஸ், மாஜிஸ்திரேட் என்னும் கீழ்நிலை நீதிமன்றங்களுக்குள்ளேயே அடையாளப்படுத்தப்பட்டவைதான். என் குறையே வேறு. பெயர் சூட்டியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். ஓர் ஆற்றில் கலந்த இரசாயனத்தின் ஆய்வுக்கூட அறிக்கையைப் படித்து, எந்தத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அது வந்தது என்ற தொடர்பை நிறுவும் சான்றை எடைபோடக் கற்றுக்கொண்ட ஒருவர், கற்ற கையோடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டால், அடுத்து வருபவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஜூரு ஆற்றின் அழுக்கைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வரும் செபராங் பிறை மக்களுக்கு இதன் விலை தெரியும்.

இப்போது உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். நீதித்துறையின் சுதந்திரம் குறித்து நீங்கள் கவலைப்படுவது முற்றிலும் சரி, ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் பயிற்சி வகுப்பு அன்று. உயர்நிலை நீதிபதிகளுக்கென 2012இல் உருவான நீதித்துறைக் கழகத்தில் மூத்த நீதிபதிகளே பாடம் நடத்துகிறார்கள். மாறாக, பாயான் லெப்பாஸிலோ பிறையிலோ நியாயமின்றி வேலையை இழந்த ஒரு தொழிலாளி 60 நாளுக்குள் புகார் செய்து, சமரசம் கைகூடாமல், கடைசியில் போய்ச் சேரும் தொழிலியல் நீதிமன்றத்தைப் பாருங்கள். அது இன்றும் மனிதவள அமைச்சின் கீழ்தான் இருக்கிறது. அவருடைய வழக்கு அங்கே போகலாமா கூடாதா என்பதையே 2020 முடியும்வரை அமைச்சர்தான் முடிவு செய்தார். 2021 ஜனவரி முதல் தேதியில்தான் அந்த அதிகாரம் அவரிடமிருந்து விலகியது. சட்ட நுணுக்கங்களைப் பெரிதுபடுத்தாமல் நேர்மையையும் மனச்சாட்சியையும் வழக்கின் உண்மைத் தன்மையையும் பார்த்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்று 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம் அந்த நீதிமன்றத்துக்குக் கட்டளையிடுகிறது. இயன்றவரை 30 நாளுக்குள் தீர்ப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. இத்தகைய பொறுப்பைச் சுமப்பவர்கள் நிர்வாகத் துறையின் நிழலில் இருக்கலாமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஒரே வகை வழக்கைத் தொடர்ந்து கேட்பவரின் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. சாயக்கூடும். மேல்முறையீடு இருப்பது அதைத் திருத்தத்தான்.

ஆகவே, நம் இயக்கங்கள் அடுத்த முறை புத்ராஜெயாவுக்கு மனு கொண்டுபோகும்போது, இன்னொரு சிறப்பு நீதிமன்றம் கேட்பதற்கு முன்னால், இருக்கிற நீதிமன்றங்களைப் பற்றிக் கேட்கட்டும். நியமிக்கப்படும் நீதிபதி குறைந்தது சில ஆண்டுகளாவது அங்கேயே இருப்பாரா, இருக்கையில் அமர்வதற்கு முன்பே பயிற்சி பெறுவாரா, அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கும் அதே பயிற்சி உண்டா, தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் பிள்ளை வரும் நாளில் சிறார் சாட்சியத்தைக் கையாளப் பழகிய தமிழ் மொழிபெயர்ப்பாளர் அங்கே இருப்பாரா என்பவற்றுக்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும்.