லேவியராகமத்தில் நின்றுபோகும் வேத வாசிப்பு: என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. சொந்த ஊர் தென்காசி பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை. இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு ஜனவரியும் ‘இந்த வருஷம் வேதத்தை முழுதாக வாசித்துவிட வேண்டும்’ என்று ஆரம்பிப்பேன். மூன்று வருஷமாக, வேதத்தின் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தைத் தாண்டவில்லை. ராத்திரி முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். அதிகாலை 4 மணி ஜெபத்துக்கு வராதவர்கள் வெதுவெதுப்பானவர்கள், விசுவாசத்தில் குளிருமில்லை அனலுமில்லை என்று சபையில் சொல்கிறார்கள். ஜெபிக்கும்போது முன்பு இருந்த சந்தோஷமும் இப்போது இல்லை. என் விசுவாசம் செத்துக்கொண்டிருக்கிறதா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, விசுவாசத்தைப் பார்க்கும் முன் உங்கள் தூக்கக் கணக்கைப் பார்ப்போம். எட்டரைக்கு வேலை முடிந்து வீடு வந்து, சமைத்து, பிள்ளைகளின் நோட்டைப் பார்த்து, பாத்திரம் கழுவிப் படுக்க எப்படியும் பதினொன்று தாண்டும். 4 மணி ஜெபத்துக்கு மூன்றரைக்கு எழ வேண்டும். ஆக, தூக்கம் நாலரை மணி நேரம்கூட இல்லை. பகலெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்த உடம்பு, முழங்காலில் தூங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எலியா தீர்க்கதரிசியின் கதை தெரியுமல்லவா? 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாகக் கேட்டவர், அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்புகிறான். எழுப்பி என்ன சொன்னான்? ஜெபிக்கச் சொல்லவில்லை. “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்! தூதன் திட்டவில்லை, இரண்டாம் முறை வந்து மறுபடியும் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் எலியாவோடு பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முழங்காலில் தூங்கிப்போன குற்ற உணர்வை இந்த அதிகாரத்தோடு விட்டுவிடுங்கள்.

‘வெதுவெதுப்பு’ என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரத்தில் லவோதிக்கேயா சபையைப் பற்றி வருகிறது. அதே பகுதியில் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். அந்தச் சபை சொல்லிக்கொண்டது: நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை. நீங்கள் எழுதியிருப்பதோ குறைகளின் பட்டியல். தனக்குக் குறைவே இல்லை என்று நினைத்தவர்களுக்குப் போன கடிதத்தை எடுத்து உங்கள் விலாசத்தில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதிகாலை ஜெபத்தை நான் குறைசொல்லவில்லை. மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். அந்தப் பழக்கத்துக்கு நல்ல ஆதாரம்தான். ஆனால் அதே மாற்கு 6-ஆம் அதிகாரத்தில், ஜனங்களை அனுப்பிவிட்டுச் சாயங்காலத்தில் மலைமேல் ஏறி ஜெபிக்கிறார். 4-ஆம் அதிகாரத்தில், புயலடிக்கிற படவில் தலையணை வைத்துத் தூங்குகிறார். தானியேலுக்கு ஒரு நாளில் மூன்று வேளை. இதில் எந்த நேரத்தையும் வேதம் சட்டமாக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கும், ஒரே ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் 4 மணி பொருந்தலாம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற தாய்க்கு அது பொருந்தவில்லை என்றால் போதகரிடம் நேரே சொல்லுங்கள்: “ஐயா, மாதம் ஒரு நாள் வருகிறேன், மற்ற நாள் வீட்டில் ஜெபிக்கிறேன்.” நல்ல மேய்ப்பருக்கு அது புரியும்.

சரி, லேவியராகமத்துக்கு வருவோம். நம் வேதாகமத்தில் 66 புத்தகம், 1,189 அதிகாரம். தினம் 3, ஞாயிறு 5 என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும் என்பது பழைய கணக்கு. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40; இரண்டும் சேர்ந்து 90. வாரம் 23 என்று போனால் நாலு வாரம். அதாவது புது வருஷத் தீர்மானத்தின் சூடு ஆறுகிற ஜனவரி கடைசியில், சரியாக லேவியராகமம் வந்து நிற்கும். அதற்கு முன்பே யாத்திராகமத்தின் பின்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகையும் கொளுவியும் மூச்சு வாங்க வைத்திருக்கும். அதைத் தாண்டினால் சர்வாங்க தகனபலி, போஜனபலி, குஷ்டரோகப் பிரமாணம். நீங்கள் மட்டும் இல்லை, ஊரில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். நானும் வேதசாஸ்திரக் கல்லூரிக்குப் போகும் முன் இரண்டு தடவை அங்கேதான் நின்றேன். (குஷ்டரோகம் பற்றிய 13-ஆம் அதிகாரம் மட்டும் 59 வசனம்!)

இந்த வருஷம் அந்தத் திட்டத்தை மூடி வையுங்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். மொத்தம் 16 அதிகாரம்தான். நான்கு சுவிசேஷங்களில் சிறியது. இயேசு நடந்துகொண்டே இருப்பார். ‘உடனே’ என்ற பொருள் தரும் சொல் கிரேக்க மூலத்தில் ஏறக்குறைய நாற்பது தடவை வருகிறது. வேலை அவசரத்தில் ஓடுகிறவர்களுக்கு ஏற்ற நடை. ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம்கூட வேண்டாம், ஒரு சம்பவம் போதும். 1-ஆம் அதிகாரத்தில் முதல் 13 வசனம் ஒரு நாள். பேதுருவின் மாமியின் ஜுரம் இன்னொரு நாள். பழைய திருப்புதலின் தமிழ் கடினமாக இருந்தால் எளிய நடை மொழிபெயர்ப்பு ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

வாசிப்பதை வாய்விட்டு வாசியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதலாம் சங்கீதத்தில் ‘இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன்’ என்று வருகிறதே, அங்கே எபிரெயுவில் உள்ள சொல் ‘ஹாகா’. கண்ணை மூடி அமைதியாக உட்கார்வது அதன் பொருள் அன்று, முணுமுணுப்பது. சிங்கம் இரையின்மேல் உறுமுவதற்கும், புறா முனகுவதற்கும் ஏசாயாவில் இதே சொல்தான். ஆக, தியானத்துக்குத் தனி அறையோ சும்மா இருக்கும் கையோ வேண்டும் என்பதில்லை. வாய் சும்மா இருந்தால் போதும்.

இதை எனக்கு எபிரெய வகுப்புக்கு முன்பே காட்டியது என் அம்மா. மடியில் சுளகு வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். கத்தரியால் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூலால் ஒரு கட்டு. நாளைக்கு ஆயிரம் கணக்கு. கை ஓடிக்கொண்டே இருக்கும், வாய் 121-ஆம் சங்கீதத்தை முணுமுணுக்கும்: “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக…” வாசலிலிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியும். மொத்தம் 8 வசனம். ஒரு கட்டு முடியும்போது சங்கீதமும் முடியும், அப்புறம் முதலிலிருந்து. கையில் பீடி, வாயில் சங்கீதம் என்று அப்பா கேலி செய்வார். அம்மா வேதத்தை முழுதாக வாசித்து முடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் நோவில் கிடந்தபோது எந்தப் புத்தகமும் இல்லாமல் 20 சங்கீதம் சொன்னார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். காலையில் உலை வைத்துவிட்டு, அரிசி கொதிக்கிற நேரத்தில் அந்த நாளின் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். பிள்ளைகள் பல் தேய்த்துக்கொண்டே கேட்கட்டும். அதில் பிடித்த ஒரு வசனத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சாப்பாட்டுப் பையில் போடுங்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வந்த, ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையையே வருஷம் முழுவதும் பார்க்க வேண்டாம். அன்றன்று வாசித்த இடத்திலிருந்து எடுங்கள், அப்போதுதான் அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன என்று தெரியும். அட்டைகளில் அதிகம் வரும், ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்ற எரேமியா 29:11-க்கு முந்தின வசனத்தில், ‘பாபிலோனில் எழுபது வருஷம் ஆகும்’ என்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வண்டியில் போகிற நேரத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் எருசலேமிலிருந்து ஊர் திரும்புகிறார். ரதத்தில் உட்கார்ந்தபடியே ஏசாயாவை வாசிக்கிறார், அதுவும் சத்தமாக. அதனால்தான் ஓடி வந்த பிலிப்புவின் காதில் விழுந்தது. “வாசிக்கிறது புரிகிறதா?” என்று பிலிப்பு கேட்க, ஒருவர் சொல்லித் தராவிட்டால் எப்படிப் புரியும் என்கிறார் அந்த மந்திரி. பெரிய பதவியில் இருந்தவருக்கே அப்படி. உங்கள் கம்பெனி வண்டியிலோ தெருவிலோ வேதம் வாசிக்கிற இன்னொரு பெண் இருந்தால், வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் பேசுங்கள். புரியாததைக் கேட்க ஆள் இல்லாததால்தான் பலருடைய வாசிப்பு நின்றுபோகிறது. சோம்பல் என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம்.

வேலை நேரத்து ஜெபத்துக்கு நெகேமியா 2-ஆம் அதிகாரம் போதும். ராஜா, “நீ கேட்கிற காரியம் என்ன?” என்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார் என்று இருக்கிறது. ஒரு மூச்சு விடும் நேரம். சூப்பர்வைசர் பீஸைத் தூக்கிப் போட்டுக் கத்தும்போது உங்களுக்கும் அந்த ஒரு மூச்சு உண்டு. “கர்த்தாவே, என் வாயைக் காத்துக்கொள்ளும்” என்றால் போதும், கண்ணை மூட வேண்டியதில்லை.

ராத்திரி குடும்ப ஜெபத்தை ஏழு நிமிஷத்தில் முடியுங்கள். நம் வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ உலகத்தைச் சுற்றி ஜெபித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் சுவரில் சாய்ந்திருப்பார்கள். ஒரு பாட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம், அன்று நடந்த ஒரு நல்லது, ஒரு வருத்தம், கர்த்தருடைய ஜெபம். உட்கார்ந்தே செய்யுங்கள். உங்கள் தனி ஜெபத்தைப் படுக்கையில் படுத்துக்கொண்டே சொன்னாலும் சரி. பாதியில் தூங்கிவிட்டால், 127-ஆம் சங்கீதம் சொல்கிறபடி, தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறவரிடம்தான் தூங்கியிருக்கிறீர்கள். நீளமான வாசிப்பையும் ஜெபத்தையும் ஞாயிறு மத்தியானத்துக்கு வையுங்கள், ஒரு தூக்கம் போட்ட பிறகு.

சந்தோஷம் வரவில்லை என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள்: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” இதைச் சொன்னவரை யாரும் சபையைவிட்டு அனுப்பவில்லை, பாட்டுப் புத்தகத்தில் சேர்த்தார்கள். 88-ஆம் சங்கீதம் கடைசி வரை விடியாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. ஒன்றும் தோன்றாத நாளில் இந்த வார்த்தைகளை உங்கள் வார்த்தையாக வாசித்தால் அதுவே ஜெபம். என் தகப்பனார் ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் என்னால் சொந்தமாக ஒரு வாக்கியம் ஜெபிக்க முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதன் அர்த்தம் எல்லா நேரமும் மனதில் ஓடியது என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று: இரண்டு மூன்று வாரமாகத் தொடர்ந்து மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல், தூங்கி எழுந்தும் களைப்புப் போகாமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு ரத்தசோகை சாதாரணமாக வருவது. மன அழுத்தம் என்று டாக்டர் சொன்னால் அதற்கும் மருந்து உண்டு. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் அதிகமாக உபவாசிக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், அந்தக் காலத்து மருந்து அது.

நீங்கள் நாள் முழுக்க ஓட்டையும் எண்ணெய்க்கறையும் தேடுகிற வேலை பார்க்கிறீர்கள். அதே கண்ணோடு உங்கள் விசுவாசத்தையும் விளக்குக்குக் கீழே விரித்துப் பார்க்கிறீர்களோ என்று தோன்றியது. அதிகாரத்தை எண்ணாதீர்கள், நிமிஷத்தையும் எண்ணாதீர்கள். கம்பெனியில் வாங்கின திட்டை வீட்டுக்குத் தூக்கிவந்து பிள்ளைகள்மேல் இறக்குவது போன மாதத்தைவிட இந்த மாதம் குறைந்திருக்கிறதா, பேசாமல் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட மனம் வந்ததா என்று வேண்டுமானால் பாருங்கள். அதுவும் மாதம் ஒரு தடவை போதும்.

லேவியராகமத்தை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. மாற்கு முடிந்ததும் அதன் 19-ஆம் அதிகாரத்தை மட்டும் திறங்கள். “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக” என்று இயேசு எடுத்துச் சொன்ன வசனம் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் மேலே, 13-ஆம் வசனத்தில், கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறார் கர்த்தர். சனிக்கிழமை சம்பளத்துக்குக் காத்து நின்ற உங்களுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியிருக்காது. வாசித்துவிட்டு எழுதுங்கள்.