பைராடா சிவப்பு ஒயின்: எதோடு, எப்படிக் குடிப்பது? கேள்வி பதில்

போர்ச்சுகலின் பைராடா பகுதியில் செய்த பாகா ஒயின் வாங்கினேன், அறுவடையாகி மூன்று வருடம்தான் ஆகிறது. நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. கெட்டுவிட்டதா சார்?

இல்லை. பாகா திராட்சையின் குணமே அதுதான். பழம் சிறியது, அதனால் சாற்றின் அளவுக்கு ஒப்பிட்டால் தோலின் பங்கு தூக்கல். துவர்ப்பு தருகிற டானின் அந்தத் தோலிலும் விதையிலும்தான் இருக்கிறது. பைராடா அட்லாண்டிக் கடலுக்குப் பக்கம், பாகாவோ தாமதமாகப் பழுக்கிற ரகம், இலையுதிர்கால மழைக்குப் பயந்து முன்கூட்டியே பறித்துவிட்டால் துவர்ப்போடு பச்சைக் கசப்பும் சேர்ந்துவிடும். நல்ல தயாரிப்பாளரின் பாகா பத்து, இருபது வருடம்கூடத் தாங்கும். துவர்ப்பு அடங்கி, காய்ந்த இலை, புகையிலை மாதிரி ஒரு மணம் வரும். இப்போதே திறக்க வேண்டுமென்றால் கொழுப்புள்ள இறைச்சி வையுங்கள். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிப்பதால்தான் வாய் வறள்கிறது. கொழுப்பும் புரதமும் கூடவே போனால் அந்த வறட்சி தணியும், புளிப்பு நாக்கைத் துடைத்துவிடும். மியல்யாடா ஊர்ப் பக்கம் பூண்டு, மிளகு, பன்றிக் கொழுப்பு அரைத்துத் தடவி விறகடுப்பில் சுடுகிற பால்குட்டிப் பன்றிக்கு இது அப்படிப் பொருந்தும். அந்த ஊர்க்காரர்கள் நுரைக்கும் ஒயினையும் அதோடு விரும்பிக் குடிப்பார்கள், அதுவும் சரிதான்.

ஒன்று மட்டும்: 16 முதல் 18 டிகிரிக்குள் குளிர வைத்துப் பரிமாறுங்கள். சூடாக இருந்தால் ஆல்கஹால்தான் முன்னால் வந்து நிற்கும்.

இது போர்ட் (போர்ச்சுகலின் இனிப்பு ஒயின்) மாதிரி இனிக்குமா?

இனிக்காது. போர்ட்டில் பாதி நொதிக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்துவதால் சர்க்கரை மிஞ்சுகிறது. இதில் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை.

அறை வெப்பநிலையில்தானே சிவப்பு ஒயின் குடிக்க வேண்டும்?

மேலே சொன்னேன். 16–18. உங்கள் அறை 30 டிகிரி என்றால் ஃபிரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வையுங்கள்.

பக்கல்யாவ் (உப்புக் கருவாடாக்கிய காட் மீன்) செய்யப் போகிறேன். வெள்ளை ஒயின்தானே?

போர்ச்சுகலில் பலர் அதற்குச் சிவப்புதான் ஊற்றுவார்கள். ஆலிவ் எண்ணெயும் பூண்டும் தாராளமாகப் போகிற சமையல் அது.

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மீனும் சிவப்பும் சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும். நீங்கள் தவறாக வழிகாட்டுகிறீர்கள்.

நீங்கள் சொல்கிற வாடை உண்மை, காரணத்தையும் பாருங்கள். ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு வினைபுரிவதால் வருவது அது. காட் மீனின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு, அதன் கொழுப்பெல்லாம் ஈரலில். போதாததற்கு உப்பு கசப்பை மட்டுப்படுத்தும்.

அப்படியானால் மத்தி மீனுக்கும் ஊற்றலாமே?

மத்தி எண்ணெய் மீன், அங்கே உங்கள் பக்கம்தான் நியாயம். இளம் பாகாவை அதோடு நான் திறக்க மாட்டேன். காட் மீனுக்கும் இளம் பாகா வேண்டாம், துவர்ப்பு அடங்கிய பழைய பாட்டிலோ, தாவ் பகுதியின் மென்மையான சிவப்போ எடுங்கள். மீனை ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைக்காமல் உப்போடு சமைத்துவிட்டு ஒயினைக் குறை சொல்வதுதான் வழக்கமாக நடப்பது.

ஒன்றிரண்டு நாளா? மூன்று மணி நேரம் போதாதா?

தடிமனான துண்டுக்குப் போதாது. இதில் விவாதமே இல்லை.

பாட்டில் அடியில் வண்டல் இருக்கிறது.

பழைய பாட்டிலில் இருக்கும். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்றுங்கள்.

காரமான பிரி-பிரி கோழிக்கு?

பாகா வேண்டாம், காரத்தில் துவர்ப்பு இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். பழச்சுவை தூக்கலான அலென்தேஜு பகுதிச் சிவப்பு, குளிர வைத்து.

எவ்வளவு குளிர?

பதினாறு.

சிவப்பு ஒயின் குடித்தால் எனக்குத் தலைவலி வருகிறது...

மருத்துவரிடம் கேளுங்கள், இது என் துறை இல்லை.

பாதி பாட்டில் மிச்சம், எத்தனை நாள் தாங்கும்?

கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள். இளம் பாகா என்றால் மறுநாள் இன்னும் நன்றாகக்கூட இருக்கலாம். குடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுங்கள், ஃபிரிட்ஜ் குளிரில் துவர்ப்பு கூடும்.