புளூ ஸ்கிரீன் தினமும் வேறு பெயர் சொல்கிறதா? முதலில் ரேமைச் சோதியுங்கள்

வாசகர் கேள்வி: நானே பாகங்கள் வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). நன்றாகத்தான் ஓடியது. சமீபத்தில் இன்னொரு ஜோடி 8 ஜிபி வாங்கிப் போட்டு 32 ஜிபி ஆக்கினேன். சில வாரங்களில் புளூ ஸ்கிரீன் வர ஆரம்பித்தது. ஒருநாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, இன்னொரு நாள் ‘பேஜ் ஃபால்ட்’, அப்புறம் ‘ஐஆர்கியூஎல்’. கேம் ஆடும்போது மட்டுமல்ல, சும்மா பிரவுசர் திறந்திருந்தாலும் வருகிறது. பெரிய ஜிப் ஃபைலை விரித்தால் பழுது என்கிறது. மறுபடி முயன்றால் அதே ஃபைல் விரிகிறது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டும் பயனில்லை. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருப்பதைப் பார்த்து, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்று என்கிறார் நண்பர். கடைக்காரர் மதர்போர்டு என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மீதியைக் கண்டுபிடிக்க ஒரு பென் டிரைவும் ஓர் இரவும் போதும்.

நண்பர் சொன்ன 41-ஐ முதலில் பார்ப்போம். அந்தப் பதிவைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கி எறிபவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டர் முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் மறுபடி துவங்கியது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அதே பதிவில் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியைத் திறந்து ‘பக்செக்கோடு’ என்ற வரியைப் பாருங்கள். 0 என்றிருந்தால் விண்டோஸுக்கு எதையும் குறித்துக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. மின்சாரம் சட்டென்று போயிருக்கலாம், அல்லது மெஷின் அப்படியே உறைந்திருக்கலாம். அப்போது எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகப்படுவது நியாயம். 26, 80, 10 போன்ற எண்கள் இருந்தால் புளூ ஸ்கிரீன் வந்துதான் விழுந்திருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று பெயர்களுக்கும் உரிய எண்கள் முறையே இவைதான்.

இனி அந்தப் பெயர்கள். விண்டோஸ் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்பதைத்தான் அவை சொல்லும். காலை இடறிய கல் எது என்று சொல்லாது. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தாலே ரேம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மோசமான டிரைவர் (ஒரு பாகத்தை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) ஒன்றும் அதே பெயரை வரவழைக்கும். ஆனால் டிரைவர் பழுது என்றால் பெரும்பாலும் ஒரே பெயர், ஒரே ஃபைல், ஒரே மாதிரியான சந்தர்ப்பம் என்று திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு நாளுக்கொரு பெயர் வருகிறது, வேலை எதுவாக இருந்தாலும் வருகிறது, புது விண்டோஸிலும் வருகிறது. எல்லா மென்பொருளுக்கும் அடியில் இருக்கும் ஏதோ ஒன்று தள்ளாடுகிறது.

அதைவிட வலுவான சாட்சி உங்கள் ஜிப் ஃபைல். ஜிப்புக்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. விரித்தபின் கணக்கு ஒத்துவராவிட்டால் பழுது என்று சொல்லும். ஃபைல் டிஸ்கிலேயே கெட்டிருந்தால் எத்தனை முறை முயன்றாலும் விரியாது. இரண்டாம் முறை விரிகிறது என்றால் டிஸ்கில் இருப்பது சரிதான். வழியில், பெரும்பாலும் ரேமில், ஏதோ ஒரு பிட் மாறுகிறது.

ஆக, புதிதாகச் சேர்த்த ஜோடிதான் என் முதல் சந்தேகம். அந்த ரேம் கெட்டது என்று சொல்லவில்லை. ரைசன் 5000 வரிசைக்கு 3200 வேகத்தை ஏஎம்டி உறுதி தருவது இரண்டு ஸ்டிக் (ரேம் பலகை) போடும்போதுதான். நான்கு போட்டால் அந்த உறுதி ரேமின் அமைப்பைப் பொறுத்து 2933-க்கோ 2667-க்கோ இறங்கிவிடுகிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டு செட்டிங்கில்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் வசதி, ஆனில் இருந்தால் 3200 ஸ்டிக் நான்கும் அதே வேகத்தில் ஓடப் பார்க்கும். பல மெஷின்களில் ஓடவும் செய்கிறது, ஆனால் உத்தரவாதம் கிடையாது. வேறு வேறு சமயத்தில் வாங்கிய இரண்டு ஜோடிகள், பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே ஒரே சிப் இருக்கவேண்டும் என்பதில்லை.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். விண்டோஸ் உள்ளே வராது என்பதால் டிரைவர் சந்தேகம் தானாக விலகிவிடும். பூட் ஆக மறுத்தால், அங்கீகரிக்கப்படாத மென்பொருள் பூட் ஆவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டைப் பயாஸில் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 11 அதைக் கேட்டு நிற்கும்போது தேடுவது பெரிய அவஸ்தை. இப்போது இருக்கிற நிலையிலேயே, எதையும் மாற்றாமல், இரவு முழுக்க ஓடவிடுங்கள். நான்கு சுற்றாவது முடியட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ‘ஒன்றுதானே’ என்று விடாதீர்கள். திரையைப் படமெடுத்து வையுங்கள்.

பிழை வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை மறைந்துவிட்டால் ஸ்டிக்குகள் பெரும்பாலும் நல்லவைதான், நான்கும் சேர்ந்து அந்த வேகத்தைத் தாங்கவில்லை. பயாஸில் வேகத்தை 2667-க்கு இறக்கி, மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பயன்படுத்தலாம். முழு வேகமும் வேண்டுமென்றால் நான்கையும் விற்றுவிட்டு 16 ஜிபி இரண்டு கொண்ட ஒரே கிட்டை வாங்குவதுதான் சரி.

எக்ஸ்எம்பி இல்லாமலும் பிழை வந்தால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே உள்ளே கை வையுங்கள். பிராசஸரிலிருந்து இரண்டாவதாக இருக்கும் ஏ2 ஸ்லாட்டில் ஒரே ஒரு ஸ்டிக்கைப் போட்டுச் சோதியுங்கள். பிறகு அடுத்தது, அதே ஸ்லாட்டில். ஒரு ஸ்டிக் மட்டும் பிழை காட்டினால் குற்றவாளி அதுதான். நான்கும் அந்த ஸ்லாட்டில் பிழை காட்டி, பி2-வில் சுத்தமாக ஓடினால், கடைக்காரர் சொன்ன மதர்போர்டு அப்போதுதான் கணக்கில் வருகிறது. அப்போதும் பிராசஸரைக் கழற்றி அடியில் பின் எதுவும் வளைந்திருக்கிறதா, கூலர் ஒருபக்கமாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள்தான் இருக்கிறது.

ஒருவேளை ரேம் எல்லாச் சோதனையிலும் சுத்தமாக வந்துவிட்டால், ஈவன்ட் வியூவரில் ‘வீயா லாகர் 18’ இருக்கிறதா என்று தேடுங்கள். அது பிராசஸர் தானே அறிவிக்கும் வன்பொருள் பிழை. ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது) ஏதாவது செய்திருந்தால் எல்லாவற்றையும் திருப்பி வையுங்கள்.

பிராசஸர் கெடுவது பொதுவாக அபூர்வம். ஆனால் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஃபைல் விரிக்கும்போது பழுது, கேம் துவங்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்ற பொய்யான செய்தி, இவை அங்கே பிராசஸரின் அறிகுறிகளாக இருக்கலாம். அதிக வோல்டேஜால் வந்த சிக்கல் இது என்று 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட்டோடு வரும் திருத்திய மைக்ரோகோடு (பிராசஸருக்கான உள் மென்பொருள்) வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயாஸ் அப்டேட் பழுதைத் தடுக்கும்; ஏற்கெனவே பழுதான சிப்பை மீட்காது.

எஸ்எம்பிஎஸ் பழுது உங்கள் கதையில் பொருந்தவில்லை. அது வேறு மாதிரி விழும்: கேம் உச்சத்தில் இருக்கும்போது, புளூ ஸ்கிரீன் எதுவும் இல்லாமல், சட்டென்று அணைந்துவிடும். உங்கள் கிராபிக்ஸ் கார்டு 170 வாட், பிராசஸர் 76 வாட் வரை, மற்றவை எல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டை ஒட்டியே நிற்கும். 550 தாராளம். அப்படி அணைய ஆரம்பித்தால் யூபிஎஸ்ஸை விலக்கி நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள், பிறகு நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டுவதை நம்ப வேண்டாம். கணநேரச் சரிவு அதில் தெரியாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஷாக் அடிக்கும்.

பலர் தவறவிடும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. தள்ளாடும் ரேமோடு நீங்கள் விண்டோஸை மறுபடி போட்டிருக்கிறீர்கள். அந்த நிறுவலிலேயே சில ஃபைல்கள் கெட்டு எழுதப்பட்டிருக்கலாம். ரேமைச் சரிசெய்த பிறகும் புளூ ஸ்கிரீன் வந்தால் சோதனை தவறு என்று முடிவு கட்டாமல், விண்டோஸை இன்னொரு முறை சுத்தமாகப் போடுங்கள். குடும்பப் படங்கள், முக்கிய ஆவணங்கள் இருந்தால் இந்த நிலையில் பேக்கப் எடுக்காதீர்கள். நகலும் கெட்டுப் போகலாம், பழைய நல்ல நகலின் மேலேயே அது எழுதப்பட்டால் மீட்க வழியில்லை. புது ஜோடியைக் கழற்றி, எக்ஸ்எம்பியை அணைத்து, மெம்டெஸ்ட் சுத்தமாக முடிந்த பிறகு எடுங்கள்.

ஸ்டிக்தான் கெட்டது என்று தெரிந்தால் எடுத்த படத்தையும் பில்லையும் கொண்டு வாரண்டி கேளுங்கள். ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே திருப்பிக் கொடுங்கள். ஒற்றையாக மாற்றி வாங்கினால் மறுபடியும் பொருந்தாத சிப் வந்து சேரலாம்.