வாசகர் கேள்விகள்: பன்னாட்டு நிதியில் ஆய்வு செய்வது என்றால் என்ன?

கேள்வி: என் மகள் எம்.ஏ. பொருளியல் முடித்துவிட்டு, பன்னாட்டு நிதி என்ற பிரிவில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நான் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வங்கி வேலைக்குப் போகும் படிப்பா இது என்று கேட்டால் சிரிக்கிறாள். அங்கே அவள் என்னதான் ஆராய்ச்சி செய்வாள்?
– ஒரு தந்தை, காரைக்குடி

பதில்: நிதி என்ற சொல்லைக் கேட்டதும் வங்கியும் பங்குச் சந்தையும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் இந்தப் பிரிவு ஆராய்வது வேறு. ஒரு நாட்டுக்கும் பிற நாடுகளுக்கும் இடையே பணம் ஏன் வருகிறது, ஏன் போகிறது, நாணயத்தின் மதிப்பு ஏன் சரிகிறது, வாங்கிய கடனை ஒரு நாடு எந்தக் கட்டத்தில் கட்ட முடியாமல் திணறுகிறது என்பவையே இதன் கேள்விகள். பொதுவாக விளக்குவதைவிட ஒருவருடைய மாணவப் பருவத்தைத் தொடர்ந்து பார்த்தால் தெளிவாகும் என்பதால், கீதா கோபிநாத்தை எடுத்துக்கொள்கிறேன். சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக 2019-ல் பொறுப்பேற்ற முதல் பெண்மணி என்று செய்தித்தாள்களில் அவரைப் படித்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பதவியைவிட, அவர் ஆய்வு மாணவியாக இருந்த காலம்தான் முக்கியமாகப் படுகிறது.

1971-ல் கொல்கத்தாவில் பிறந்து மைசூரில் வளர்ந்தவர். டில்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் 1992-ல் பி.ஏ., டில்லி பொருளியல் பள்ளியில் 1994-ல் எம்.ஏ., பிறகு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1996-ல் இன்னொரு எம்.ஏ., அங்கிருந்து பிரின்ஸ்டன் சென்று 2001-ல் முனைவர் பட்டம். சான்றிதழ்களின் கணக்கு இவ்வளவுதான். இவற்றுக்கு நடுவே அவரைப் பிடித்துக்கொண்ட ஒரு கேள்வியைத்தான் உங்கள் மகளுக்காகச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் டில்லியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோதுதான் 1991 நெருக்கடி வந்தது. குவைத் மீது ஈராக் படையெடுத்ததால் எண்ணெய் விலை ஏறியது; வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே போட்டு வைத்திருந்த வைப்புத் தொகைகளைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். மதியத்துக்குள் கல்லாவில் பணம் தீர்ந்துவிடும், வெளியே இன்னும் வரிசை நிற்கிறது என்ற நிலையைக் காசாளரான நீங்கள் ஒருநாளாவது பார்த்திருப்பீர்கள். நாடு முழுவதற்கும் அந்த நிலை வந்தது. கையிருப்பில் இருந்த அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதும் என்ற அளவுக்குக் குறைந்தது. அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, அதை ஈடாக வைத்துச் சுமார் 40 கோடி டாலர் கடன் திரட்டியது. பன்னாட்டு நிதியில் தமக்கு ஆர்வம் பிறந்தது அந்த நெருக்கடியைக் கண்டதால்தான் என்று கீதா கோபிநாத் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் பிரின்ஸ்டனில் இருந்த காலத்தில் இதே நாடகம் கிழக்காசியாவில் இன்னும் பெரிதாக அரங்கேறியது. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயத்தைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டது. டாலருக்கு 25 பாட் என்று இருந்த விகிதம், அடுத்த ஜனவரிக்குள் 50-ஐத் தாண்டியது. அதற்கு முன் பல ஆண்டுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து சேர்ந்த வெளிநாட்டுப் பணம் சில மாதங்களில் வெளியேறிவிட்டது. வருவதற்கு ஆண்டுகள், போவதற்கு மாதங்கள். இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது?

பென் பெர்னான்கி, கென்னத் ரோகாஃப் ஆகியோரை நெறியாளர்களாகக் கொண்டு அவர் எழுதிய ஆய்வேடு, பன்னாட்டு மூலதன ஓட்டங்களைப் பற்றிய மூன்று கட்டுரைகளால் ஆனது. வேலை தேடுபவர்களையும் ஆள் தேடும் நிறுவனங்களையும் ஆராய்வதற்காகத் தொழிலாளர் பொருளியலில் உருவான 'தேடல் கோட்பாடு' என்னும் கருவியை எடுத்து, அதை வெளிநாட்டு முதலீட்டுக்குப் பொருத்திப் பார்த்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் இது வரன் பார்ப்பதைப் போன்றது. ஒரு நாடு கதவைத் திறந்துவிட்டாலும், வெளிநாட்டு முதலீட்டாளர் தனக்கு ஏற்ற தொழிலைத் தேடி, விசாரித்து, ஒப்புக்கொள்ளக் காலம் பிடிக்கிறது. ஆகவே பணம் மெல்ல மெல்லத்தான் வருகிறது. வெளியேறுவதற்கு எந்தத் தேடலும் தேவையில்லை. நிலைமை கெட்டது என்று தெரிந்த அன்றே எல்லோரும் ஒன்றாக எழுந்து போய்விடலாம். முதலீட்டாளர்களின் பீதியையோ பேராசையையோ துணைக்கு அழைக்காமல், தேடுவதற்கு ஆகும் காலம் என்ற ஒன்றை மட்டும் கணக்கில் சேர்த்தே அந்த ஏற்றத்தாழ்வை விளக்க முடிந்தது என்பதுதான் அந்த ஆய்வின் அழகு. உங்கள் மகள் செய்யப்போவதும் இந்த மாதிரியான வேலைதான்.

கேள்வி: கீதா கோபிநாத் தமிழரா? தமிழர் யாராவது இந்தத் துறையில் இருந்திருக்கிறார்களா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவர் மலையாளக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழர் என்றால், மேலே சொன்ன 1991 நெருக்கடியின் நடுவிலேயே ஒருவர் இருந்தார். அரியலூரில் பிறந்து, திருச்சியிலும் சென்னையிலும் படித்து, 1964-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற சி. ரங்கராஜன் அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர். அந்த ஜூலை 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பு இரு கட்டங்களாகக் குறைக்கப்பட்டது. இரண்டாவது கட்டத்தை நிறுத்த முடியுமா என்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் தொலைபேசியில் அவரை அழைத்துக் கேட்டபோது, அறிவிப்பு ஏற்கெனவே வெளியாகிவிட்டிருந்தது.

கேள்வி: அரசுக் கல்லூரியில் எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். பன்னாட்டு நிதியில் ஆய்வு செய்ய ஆசை. கணிதத்தில் நான் சுமார்தான். 'இந்தியப் பொருளாதாரத்தில் அன்னிய முதலீட்டின் தாக்கம்' என்ற தலைப்பை யோசித்து வைத்திருக்கிறேன். இப்போதே என்ன செய்ய வேண்டும்?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: கணிதத்தைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டு நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பொருளாதார அளவையியல் ஆகிய மூன்றிலேயே கழியும்; அந்தத் தேர்வுகளில் தேறிய பிறகுதான் ஆய்வு என்ற பேச்சே எழும். அவற்றுக்கு நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் தடுமாற்றமின்றி வர வேண்டும். ஓராண்டு தினமும் உட்கார்ந்தால் இவை வந்துவிடும். சுமாரான கணிதத்தோடு தொடங்கிப் பழக்கத்தால் தேறிய மாணவர்களை வகுப்பறையில் நானே பார்த்திருக்கிறேன். அன்னிய நாட்டுக்குப் போய்த்தான் இவற்றைக் கற்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன.

உங்கள் கணிதத்தைவிடத் தலைப்புதான் எனக்குக் கவலை தருகிறது. நீங்கள் எழுதியிருப்பது ஒரு தலைப்பு. அதில் கேள்வி இல்லை. என்ன கண்டுபிடித்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டால், இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு உங்களால் பதில் சொல்ல முடியாது. 'பணம் ஏன் மெதுவாக வந்து வேகமாகப் போகிறது' என்பது கேள்வி, ஏனென்றால் அதற்குத் தவறான விடைகளும் உண்டு.

இன்றே ஒன்று செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் அயல்நாட்டுச் செலுத்துநிலை அட்டவணை, அதாவது நாட்டுக்குள் வரும் பணத்துக்கும் வெளியே போகும் பணத்துக்குமான கணக்கு, காலாண்டு வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. நடப்புக் கணக்கு, நேரடி முதலீடு, பங்குச் சந்தை முதலீடு, வைப்புத் தொகைகள் என்று வரிவரியாக எடுத்து, கணினியை நாடாமல் வரைபடத் தாளில் கையால் புள்ளி வைத்து வரையுங்கள். நேரடி முதலீட்டுக் கோடும் பங்குச் சந்தை முதலீட்டுக் கோடும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அவை பிரிந்து போகும் காலாண்டுகளைக் குறித்து வைத்து, அப்போது என்ன நடந்தது என்று தேடுங்கள். அட்டவணையில் 'பிழைகளும் விடுபாடுகளும்' என்றொரு வரி வரும். வரவும் செலவும் ஒத்துப்போகாமல் மிஞ்சியதை அங்கேதான் எழுதுகிறார்கள். அந்த வரி பெரிதாகும் காலாண்டுகளையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். ரூபாய் மதிப்பு குறைந்தால் ஏற்றுமதி பெருகும் என்று பாடப்புத்தகம் படித்த எல்லோரும் சொல்கிறார்கள். ரூபாய் விழும்போதெல்லாம் எனக்கு ஆர்டர் ஒன்றும் கூடுவதில்லை. ஐரோப்பிய வாடிக்கையாளர்கூட டாலரில் போட்ட பில்லைக் காட்டித் தள்ளுபடிதான் கேட்கிறார். ஆராய்ச்சியாளர்கள் இதையெல்லாம் பார்க்கிறார்களா?
– ஓர் ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: பார்க்கிறார்கள். கீதா கோபிநாத்தின் பிற்கால ஆய்வுகளில் மிகவும் பேசப்படுவது உங்கள் பில்லின் மூலையில் இருக்கும் அந்த டாலர் குறியைப் பற்றியதுதான். பழைய பாடம் என்ன சொல்கிறது என்றால், ஏற்றுமதியாளர் தம் சொந்த நாணயத்தில் விலை வைக்கிறார், ஆகவே அந்த நாணயம் விழுந்தால் வெளிநாட்டவருக்குச் சரக்கு மலிவாகிறது, விற்பனை கூடுகிறது என்கிறது. நீங்கள் ரூபாயில் விலை வைப்பதில்லையே. ஒரு டி-ஷர்ட் 4 டாலர் என்று பேசி முடித்திருந்தால், டாலருக்கு 80 ரூபாயானாலும் 85 ரூபாயானாலும் வாங்குபவருக்கு அது 4 டாலர்தான். அவருக்கு எதுவும் மலிவாகாதபோது அவர் ஏன் கூடுதலாக வாங்க வேண்டும்? உங்களுக்கு வரும் ரூபாய் கூடுகிறது என்பதை அவரும் அறிந்திருப்பதால்தான் தள்ளுபடி கேட்கிறார்.

2015-ல் கீதா கோபிநாத் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவின் இறக்குமதியில் அமெரிக்காவிலிருந்து வருவது சுமார் 5 விழுக்காடு, ஆனால் டாலரில் விலை குறிக்கப்படுவது 86 விழுக்காடு. இதற்குப் பிறகு வேறு சில ஆய்வாளர்களோடு சேர்ந்து, கொலம்பியா நாட்டின் சுங்கத் தரவுகளை எடுத்து, ஒவ்வொரு சரக்கின் விலையும் எந்த நாணயத்தைப் பின்தொடர்ந்து அசைகிறது என்று சோதித்தார்கள். வாங்குபவரின் நாணயத்தையோ விற்பவரின் நாணயத்தையோ விட, டாலரைத்தான் விலைகள் பின்தொடர்ந்தன. இன்னொரு ஆய்வில் கிடைத்த முடிவு உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது: மற்ற எல்லா நாணயங்களுக்கும் எதிராக டாலர் 1 விழுக்காடு வலுவடைந்தால், அமெரிக்கா நீங்கலான பிற நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வர்த்தகத்தின் அளவு ஓராண்டுக்குள் 0.6 விழுக்காடு குறைகிறது.

இதை உங்கள் தொழிலில் வைத்துப் பாருங்கள். ரூபாயோடு சேர்ந்து யூரோவும் டாலருக்கு எதிராக விழும் காலத்தில், டாலர் பில்லைக் கட்டும் ஐரோப்பியருக்கு உங்கள் சரக்கு விலை ஏறிப்போகிறது. ரூபாய் விழுந்தும் ஆர்டர் குறைகிற வேதனை அப்படித்தான் நேர்கிறது. யூரோ அசையாமல் ரூபாய் மட்டும் விழும்போது நிலைமை வேறு. ஆகவே டாலருக்கு எத்தனை ரூபாய் என்று காலையில் பார்க்கும்போதே, யூரோவுக்கு எத்தனை டாலர் என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான உங்கள் ஆர்டர் புத்தகத்தை அந்த இரண்டு கோடுகளுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளரோடு யூரோவில் விலை பேசுவது கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யலாம். அப்படிப் பேசினால் யூரோவின் ஏற்ற இறக்கம் உங்கள் தலையில் விழும் என்பதால், பின்னால் வரப்போகும் யூரோவுக்கு இன்றே மாற்று விகிதத்தை உறுதி செய்துகொள்ளும் பார்வர்டு கான்ட்ராக்டை வங்கியில் போடும் செலவையும் விலையில் சேர்த்தே கணக்கிடுங்கள்.